கொடிக்காரி போட்ட பாதை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கொடிக்காரி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னால் அவள் நின்று திரும்பி, "என்ன வேணும்?" என்பாள். சொன்னவர்கள் ஒன்றும் வேண்டாமென்று நழுவிவிடுவார்கள்.

தேசியப் பூங்காவில் பாதை வடிவமைப்பது அவள் வேலை. நடக்கிறவர்களுக்கு ஒன்று, சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒன்று. தாளில் கோடு போடுவது அந்த வேலையில் கால்வாசிதான். மிச்சமெல்லாம் காலால் செய்வது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே வேர் தரைக்கு மேலே கிளம்பியிருக்கிறது, எந்த மரத்தைச் சுற்றி வளைந்தால் ஏற்றம் தெரியாமல் ஏறலாம் என்று காட்டுக்குள் நடந்து பார்ப்பாள். பாதை போகவேண்டிய இடத்தில் குச்சி நட்டு, அதன் தலையில் ஆரஞ்சுத் துணித்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு வருவாள். பின்னால் வருகிற வேலையாட்கள் கொடியைப் பார்த்து மண்ணை வெட்டி, பொடிக்கல்லைக் கொட்டி இறுக்குவார்கள். அவள் கைப்பையில் கைக்குட்டை இருக்கிறதோ இல்லையோ, ஆரஞ்சுத் துணி இருக்கும். ஒருநாள் பஸ்ஸில் சில்லறை எடுக்கப் போய் கைநிறையக் கொடி வந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார்.

"நடக்கிற கட்சி," என்றாள்.

அந்தப் பூங்காவுக்குள் ஒரே ஒரு ரோடு. வாசலில் தொடங்கி மலைச்சரிவை ஒட்டி ஏறி, மேலே ஏரிக்கரையில் முடிகிறது. ஏரிக்கரையில் கார் நிறுத்த ஒரு சின்ன மைதானம். அது நிறைந்தபிறகு வருகிற கார்கள் இடம் தேடிச் சுற்றும், கிடைக்காமல் ரோட்டோரத்தில் நிற்கும், ஓரத்தில் நிற்கிற கார்களால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்க முடியாது. விடுமுறை நாளில் ரோடு முழுக்க கார் வால்பிடித்து நிற்கும். பிள்ளைகள் ஜன்னல் வழியாக வாந்தி எடுப்பார்கள். மான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, புகை பொறுக்காமல் திரும்பிப் போய்விடும். ஏரியைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் காரின் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு விடுமுறை நாளில்தான் அவளுடைய அத்தான் ஏரிக்கரையில் விழுந்தார். அக்காவும் அத்தானும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தான் வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். பேசிக்கொண்டே இருந்தவரின் வாய் ஒரு பக்கம் கோணியது. கையிலிருந்த தம்ளர் விழுந்தது. வலதுபக்கம் முழுக்கத் தொங்கிவிட்டது. பக்கவாதத்தில் நேரம்தான் எல்லாம். எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரியோ அவ்வளவு மூளை மிஞ்சும். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அது வாசல் வரைக்கும் பறந்து வந்து, அங்கே கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊளையிட்டது.

கடைசியில் ஏரிக்கரைக் கடையின் பெஞ்சில் அவரைப் படுக்கவைத்து, முன்பின் தெரியாத ஆட்கள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அன்றும் வேலையில் இருந்த கொடிக்காரி தலைமாட்டில் பிடித்திருந்தாள். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். வழிநெடுக நின்ற கார்களையெல்லாம் அந்தப் பெஞ்சு முந்தியது. கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். அவர்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், ஒருத்தராலும் காரை ஓரம் கட்ட முடியவில்லை.

அத்தான் பிழைத்தார். வலது கை போனது, வலது கால் பாதி போனது, பேச்சில் மூன்று வார்த்தை மிஞ்சியது: சரி, போதும், அடப்போ.

அந்த ஒரே நாளிலிருந்து அக்காவும் தங்கையும் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். ரோடு அகலமாக இருந்திருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும் என்றாள் அக்கா. கார் இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் என்றாள் தங்கை.

பூங்கா இயக்குநருக்கு அக்காவின் முடிவுதான் பிடித்தது. அவர் ஏற்கெனவே ரோட்டை இரண்டு மடங்கு அகலமாக்க ஃபைல் தயார் செய்து வைத்திருந்தார். அதற்கு ஆதரவாக ஒரு மனு சுற்றுக்கு வந்தது. மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையது. கொடிக்காரி அதை அலுவலக மேசையில் பார்த்தாள். மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"குழாயைப் பெருசாக்கினா வாளி பெருசாகுமா சார்? மேல இருக்கிற மைதானம் அதேதான். இப்ப ஒரு வரிசையில நிக்கிறவங்க அப்ப ரெண்டு வரிசையில நிப்பாங்க."

"மைதானத்தையும் பெருசாக்கலாம்."

"ஏரியை மூடிட்டா?"

இயக்குநர் பேனாவை மூடினார். கெட்ட மனிதர் இல்லை. தன் காலத்தில் ஏதாவது ஒன்று பெரிதாகக் கட்டி, அதில் பெயர் பொறித்த கல்லை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற ஆசை. ஒற்றையடிப் பாதையில் யார் கல் வைப்பார்கள்?

"உங்க யோசனைதான் என்ன?"

"கார் எல்லாம் வாசலுக்கு வெளிய நிக்கட்டும். ரோட்டுல ஆம்புலன்ஸ், நடக்க முடியாதவங்களுக்கு ஒரு பேட்டரி வேன், அவ்வளவுதான். மத்தவங்க என் பாதையில போகட்டும்."

"ரோட்டோரமாவே ஒரு நடைபாதை போட்டுக் கொடுத்துடறேன். செலவும் கம்மி."

"புகையைக் குடிச்சுக்கிட்டு, போற காரைப் பார்த்துக்கிட்டு நடக்கிறவன் ரெண்டாவது தடவை நடக்க மாட்டான் சார். ரோடு கண்ணுல படவே கூடாது."

பேசிப் பேசி, கடைசியில் ஒரு வெள்ளோட்டத்துக்கு ஒத்துக்கொண்டார். பாதை தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டைக் காருக்கு மூடிப் பார்ப்பது. வந்த ஜனங்கள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்து, திட்டாமல் திரும்பினால் விடுமுறை நாளெல்லாம் மூடலாம். பாதி வழியில் திரும்பினார்கள் என்றால் அகலப்படுத்துகிற ஃபைல் மேலே போகும்.

"தோத்தா உங்க பாதையை மறந்துடணும்," என்றார்.

"ஜெயிச்சா உங்க ஃபைலை மறந்துடணும்," என்றாள் அவள்.

அக்கா குடும்பம் கீழ்வீட்டில், அவள் மாடியில் ஒற்றை அறையில். மனு விஷயம் வெடித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் அத்தானை ஒருத்தியால் தூக்க முடியாது. தினம் காலையில் அவள் கீழே இறங்கி வருவாள். முன்னறையில் அவர் கட்டில், காலுக்கு நேரே டிவி, வலது அக்குளில் கை ஒட்டாமலிருக்கச் சுருட்டி வைத்த துண்டு, இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு மணி. அக்கா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லித் தூக்கிச் சக்கர நாற்காலிக்கு மாற்றுவார்கள். அதைத் தவிர அந்த வீட்டில் வாரக்கணக்கில் வேறு பேச்சு கிடையாது. முதுகில் புண் வந்திருக்கிறதா என்று அவள் பார்ப்பாள். பவுடரை அக்கா தட்டுவாள். அத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "அடப்போ" என்பார்.

பாதை முடியும் தறுவாயில் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நடக்கிறவங்களுக்குப் பாதை போடறேன்னு குதிக்கறியே. அவரை என்ன பண்ணப்போறே?"

"அவருக்கு பேட்டரி வேன் இருக்கு."

"சாமான் மாதிரி ஏத்தி இறக்கவா? உன் பாதை அவ்வளவு ஒசத்தின்னா நாற்காலியில தள்ளிக்கிட்டுப் போய்க் காட்டுடி. வாசல்லேருந்து ஏரி வரைக்கும். போயிடுச்சுன்னா உன் பக்கம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"நாளைக்கே வா."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சரிவு முழுக்கக் கருவி வைத்து அளந்தவள். எந்த இடத்திலும் விதி சொல்லுகிற அளவைத் தாண்டவில்லை. அந்தப் பாதையில் அவள் நடந்த நடைக்குக் கணக்கே கிடையாது. கண்ணைக் கட்டி விட்டாலும் வருவாள்.

மறுநாள் வாசலிலிருந்து புறப்பட்டார்கள். முதல் வளைவு வரைக்கும் நாற்காலி எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அத்தான் "சரி, சரி" என்றார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டாவது வளைவுக்குப் பிறகு கொடிக்காரிக்கு நெற்றி வேர்த்தது. அப்புறம் பேச்சு நின்றது. அப்புறம் கையை மாற்றிப் பிடித்து, உடம்பைச் சாய்த்துத் தள்ளினாள். நின்று மூச்சு வாங்கலாம் என்று பார்த்தால் நாற்காலி பின்னால் உருண்டது. எங்கேயும் ஒரு சமதளம் இல்லை. ஏற்றம் முடிகிற இடத்தில் இன்னொரு ஏற்றம் காத்துக்கொண்டு நின்றது.

அத்தான் இடது கையால் பிரேக்கைப் போட்டார். "போதும்," என்றார்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "என்னடி, உன் நடக்கிற கட்சி இங்கேயே கலைஞ்சுடுச்சா?" என்றாள். அந்த நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

கொடிக்காரி நாற்காலியைக் குறுக்காகத் திருப்பி, சக்கரத்துக்குக் கல்லை அண்டைகொடுத்துவிட்டு, மேலே தெரிந்த ஏற்றத்தைப் பார்த்தாள். அந்த இடத்திலிருந்து அந்தப் பக்கமாக அவள் பார்த்ததே இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, கல்லிறுக்கும் உருளை எல்லாம் ஏரிக்கரைக் கிடங்கில் இருந்தன. தினம் காலையில் ஜீப் அவளையும் வேலையாட்களையும் ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும். அங்கே சாமானை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே கொடி கட்டிக்கொண்டே வருவார்கள். சாயங்காலம் வாசலில் ஜீப் காத்திருக்கும், சாமானை அது கிடங்கில் கொண்டுபோய்ப் போடும். இத்தனை மாதம் வேலை செய்ததில் ஒருத்தர்கூட வாசலிலிருந்து ஏரி வரை ஒருமுறை ஏறி வரவில்லை. பாதை முழுக்க இறக்கத்துக்குப் போட்ட பாதை. ஜனங்கள் ஏறப்போகிற பாதை.

கருவி காட்டிய எண் பொய்யில்லை. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு துண்டும் சரிதான். அதை ஒரேயடியாகச் சேர்த்து ஏறுகிறவனுடைய மூச்சைக் கருவி அளக்காது. அது அவள் வேலை. அதை அவள் செய்யவில்லை.

வெள்ளோட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

ஜீப் டிரைவர் விஷயத்தைக் கேட்டதும் சுலபமாக ஒரு வழி சொன்னார். "அன்னிக்கு ஒருநாள் எல்லாரையும் வேன்ல ஏரிக்குக் கொண்டுபோய் விட்டுடுவோம்மா. அப்படியே நடந்து இறங்கி வரட்டும். பாதை பிரமாதம்னு சொல்லிட்டுப் போவாங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர்றவனுக்குத் தெரியும்," என்றாள்.

இயக்குநரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நடுப்பகுதி தப்பு, நான்தான் தப்பாகப் போட்டேன், பேர்த்துப் புதிதாகப் போடவேண்டும். இயக்குநர் வருத்தப்படுகிற முகத்தை வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் இனித்தது வெளியே தெரிந்தது.

"அதனாலென்ன, ஒத்திவெச்சுக்கலாமே. நிதானமா பாருங்க."

அந்த அலுவலகத்தில் ஒத்திவைத்த எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஒத்திவைக்க வேண்டாம் சார். அதே ஞாயித்துக்கிழமை."

"முடியுமா?"

"முடியலைன்னா உங்க ஃபைல் மேல போகப்போகுது. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வெளியே வந்ததும் முதல் காரியமாக ஜீப் சாவியை வாங்கி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கிடங்குச் சாமான்களை வாசலுக்கு இறக்கச் சொன்னாள். இனி யாராக இருந்தாலும் வாசலில் தொடங்கி நடந்தே மேலே வரவேண்டும்.

"அப்ப நான் என்ன பண்றது?" என்றார் ஜீப் டிரைவர்.

"நீங்களும் நடங்க. தொந்தி இறங்கும்."

மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "அம்மா, போட்ட பாதையைப் பேத்துட்டு இன்னொரு பாதை போடறதுக்கு என்ன பேர் தெரியுமா?"

"என்ன?"

"பைத்தியம்."

"சரி, அதே பேரை வெச்சுக்குங்க. கடப்பாரையை எடுங்க."

மூன்று வாரம் அவர்களை அவள் சும்மா விடவில்லை. ஆரஞ்சுக் கொடியை எல்லாம் பிடுங்கி, கீழேயிருந்து மறுபடி நட்டாள். ஒவ்வொரு துண்டையும் நாற்காலியைத் தள்ளித்தான் முடிவு செய்தாள். அத்தானை உட்காரவைத்து இல்லை; மேஸ்திரியை உட்காரவைத்து. அவர் கனம் அத்தானைவிடக் கூடுதல். "இதுக்காகவா நான் தொழில் கத்துக்கிட்டேன்?" என்று புலம்பிக்கொண்டே அவர் ஊர்வலம் போனார். மூச்சு எங்கே முட்டியதோ, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு சமதளம், ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டும் என்று அடம்பிடித்தாள். முழங்கால் போனவர்களுக்குக் கைப்பிடி இல்லாத பெஞ்சு உட்காரத்தான் உதவும், எழுந்திருக்க உதவாது. முதல் வளைவிலேயே கழிப்பறை. இரண்டாவது சமதளத்தில் இரண்டு கிளையை மட்டும் வெட்டி, தூரத்தில் ஏரித்தண்ணீர் ஒரு துண்டு தெரியும்படி செய்தாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிற பிள்ளையை அந்தத் துண்டுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும்.

சைக்கிள்காரர்களை நடுவழியில் தனியாகப் பிரித்துவிட்டாள். பழைய பாதையில் இறங்கி வருகிற சைக்கிள், வளைவில் ஏறி வருகிறவர்கள் மேல் நேரே வந்து விழுந்திருக்கும். அவர்களுக்கு மலையைச் சுற்றிப் போகிற நீண்ட, சாதுவான தடம் ஒன்று. இரண்டு பாதையும் மறுபடி சேர்கிற இடத்தில் மரக்கட்டைகளை முன்னும் பின்னுமாக நட்டு, சைக்கிளை வளைத்து மெதுவாகத்தான் ஓட்டமுடியும் என்று ஆக்கினாள். சைக்கிள் கொண்டுவராதவர்களுக்கு வாசலில் வாடகைச் சைக்கிள் நின்றது. நாற்காலி வைத்திருப்பவர்களுக்குத் தள்ளிவிட ஆள் நின்றது. அந்த ஆள் ஜீப் டிரைவர்.

வெள்ளோட்ட ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசிச் சமதளத்தில் கல்லிறுக்கியது முந்தின நாள் மாலைதான்.

காலையிலேயே கார்கள் வந்து வாசலுக்கு வெளியே நின்றன. ரோட்டின் தடுப்புக் கம்பி கீழே இறங்கியிருந்தது. சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தர், "டிக்கெட் வாங்கினது நடக்கிறதுக்கா?" என்று கத்தினார். "ஏரியைப் பார்க்கிறதுக்கு. கார்ல வந்திருந்தா இந்நேரம் பாதி ரோட்டுல நின்னுக்கிட்டிருப்பீங்க," என்றாள் கொடிக்காரி. அவருடைய பிள்ளைகள் அதற்குள் பாதையில் ஓடிவிட்டதால் அவரும் பின்னால் ஓடவேண்டியதாயிற்று.

அக்கா அத்தானோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் கிடையாது. கவிழறதைப் பார்க்க வந்தேன்," என்றாள். ஜீப் டிரைவர் நாற்காலியைப் பிடிக்க வந்தார். "என் புருஷனை நான் தள்ளிக்கறேன்," என்று தட்டிவிட்டாள்.

அப்போதுதான் இயக்குநரின் கார் வந்தது. கூட இரண்டு விருந்தாளிகள், மேலிடத்துக்காரர்கள். கார் கம்பிக்கு முன்னால் வந்து, இடமில்லாமல் மூக்கைத் திருப்பிக்கொண்டு, பாதையின் வாய்க்குக் குறுக்கே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். வாயில்காவலர் கம்பியின் கைப்பிடியைப் பிடித்தார். கொடிக்காரி அவர் கைமேல் கையை வைத்தாள்.

"தூக்காதீங்க."

இயக்குநர் இறங்கி வந்தார். "விருந்தாளிங்க இருக்காங்க. நான் மேல போய் நிலைமையைப் பார்க்கணும்."

"பாருங்க சார். பாதை அதோ இருக்கு."

"விளையாடாதீங்க. இது ஒரு கார்தானே?"

"அன்னிக்கும் ஒவ்வொருத்தரும் என் ஒரு கார்தானேன்னுதான் உள்ள வந்தாங்க."

இயக்குநருக்கு முகம் சிவந்தது. சுற்றி ஜனம் கூடிவிட்டது. வெளியே நின்ற கார்க்காரர்கள் எல்லோரும் அதே கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு சாண் உயர்ந்தால் அத்தனை பேரும் வண்டியைக் கிளப்புவார்கள். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நான் உத்தரவு போடறேன். கம்பியைத் தூக்குங்க," என்றார் காவலரிடம்.

அவள் கம்பியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, தன் பாரம் முழுக்கப் போட்டு நின்றாள். "என் கையோட சேர்த்துத் தூக்கச் சொல்லுங்க."

காவலர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, திடீரென்று ஷூ கயிறு அவிழ்ந்துவிட்ட மாதிரி குனிந்துகொண்டார்.

"இதுக்கு நீங்க பதில் சொல்லவேண்டி வரும்," என்றார் இயக்குநர்.

"சொல்றேன் சார். இன்னிக்கு ரோடு மூடியிருக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார்."

அக்கா. இரண்டு கையும் நாற்காலியின் பிடியில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"உங்க கார் வழியில நிக்குது. எடுங்க."

இயக்குநருக்கு அவளைத் தெரியும்; மனுவின் முதல் கையெழுத்தல்லவா. முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அம்மா, நீங்களே சொல்லுங்க. ரோடு வேணும்னு கேட்டவங்க நீங்க."

"கேட்டேன். இப்பவும் கேக்கறேன். அகலமா வேணும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அன்னிக்கு இவரைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப வழிநெடுக இப்படித்தான் கார் குறுக்க நின்னுச்சு. எல்லாரும் எடுக்கறோம் எடுக்கறோம்னாங்க, ஒருத்தரும் எடுக்கலை. நீங்களாவது எடுங்க."

அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேன் ஓட்டிய காலத்தில் எத்தனை வண்டியை ஒதுக்கச் சொல்லியிருப்பார். இடது கையை நீட்டி, பின்னால் போ என்று சைகை காட்டினார். "அடப்போ," என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இயக்குநரின் டிரைவர் அதற்குமேல் அவரைக் கேட்கவில்லை. பின்கியரைப் போட்டு, அத்தானின் கை நின்றதும் காரை நிறுத்தினார். விருந்தாளிகளில் ஒரு பெண்மணி ஏற்கெனவே இறங்கி, கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வளைவில் என்றார்கள். அவள் நடக்கத் தொடங்க, மற்றவரும் நடந்தார். வேறு வழியில்லாமல் இயக்குநரும்.

அக்கா நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தாள், ஒவ்வொரு பெஞ்சிலும் திட்டினாள். ஆனால் எழுந்தாள். கொடிக்காரி கம்பியை விட்டு நகரவில்லை. மதியம் திரும்பி வந்தவர்கள் மூலமாகத்தான் அக்கா ஏரியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நடுவழியில் சிலர் திரும்பினார்கள். செருப்பு அறுந்தவர், குழந்தை அழுதவர், சும்மாவே கோபக்காரர். சைக்கிளில் போன ஒருத்தர் மரக்கட்டையில் இடித்து முழங்கை சிராய்த்துக்கொண்டார். மற்றவர்கள் ஏரியைப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் காலியாகக் கிடந்த ரோட்டோரத்தில் ஒரு மான் குட்டியோடு நின்று புல்லைத் தின்றதாக வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள் இருந்தது.

"விடுமுறை நாளெல்லாம் ரோடு மூடறதுக்கு உத்தரவு. கையெழுத்து போட்டுட்டேன். விருந்தாளிங்களுக்கு உங்க பாதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு." அதைச் சொல்லும்போது அவருக்கு வாய் கசந்தது. இரண்டாவது தாளை நகர்த்தினார். "பொதுமக்கள் முன்னாடி மேலதிகாரி காரை மறிச்சதுக்கு விளக்கம். மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அத்தோட விட்டுடலாம்."

"தப்பு பண்ணினா கேக்கறேன் சார். நடுப்பகுதியைத் தப்பா போட்டேன், அன்னிக்கே வந்து சொன்னேன். கம்பியைத் தப்பா மூடலை."

"ஒரே ஒரு வரி."

"அந்த ஒரு வரியை எழுதினா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் காவலர் யாரோட காரையும் நிறுத்த மாட்டார்."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "அப்ப உங்களை ஏரிக்கரைக் கிடங்குக்கு மாத்தவேண்டி வரும். அங்க உங்களுக்கு ஜீப் கிடையாது."

"முதல் தாள்ல கையெழுத்து காய்ஞ்சுடுச்சா சார்?"

"ஏன்?"

"காய்ஞ்சிருந்தா என்னை மாத்திக்குங்க."

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு மன்னிப்பு கேட்டா வாய் தேஞ்சுடுமாடி?"

"நீ மனுவுல போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கினியா?"

"நான் எதுக்கு வாங்கணும்?"

"அதான்," என்றாள் கொடிக்காரி. மடித்த துணியில் தன்னுடையதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். திங்கட்கிழமை சீக்கிரம் கிளம்பவேண்டும்; வாசலிலிருந்து கிடங்கு வரைக்கும் தன் பாதையில் ஏறி நடக்கவேண்டும்.